வளர்ப்பு ஆமையின் சான்றிதழ் தொலைந்துவிட்டது, வேறு வாங்க முடியுமா?

நீங்கள் பிரிட்டனில் இருக்கிறீர்கள், ஆமை ஹெர்மன் வகை, விற்றவர் கொடுத்த மஞ்சள் தாள் வீடு மாறும்போது காணாமல் போயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தத் தாளின் பெயர் ஆர்ட்டிகிள் 10 சான்றிதழ். விற்பதற்கும் காசு வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைப்பதற்கும்தான் அது வேண்டும். சட்டப்படி வாங்கிய ஆமையை வீட்டில் வளர்க்கவோ சும்மா கொடுக்கவோ வேண்டியதில்லை. "தாள் இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று யாராவது கீழே பின்னூட்டத்தில் பயமுறுத்தக்கூடும், நம்ப வேண்டாம். அது உரிமைப் பத்திரமும் அல்ல. ஆமை முறையாக வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. "என்னுடையது" என்று நிரூபிக்க ரசீதும் கால்நடை மருத்துவரின் பதிவும்தான் கைகொடுக்கும்.

முதலில் வகையைச் சரிபாருங்கள். வால் நுனியில் நகம்போல ஒரு கொம்பு இருந்தால் ஹெர்மன். தொடையின் இருபக்கமும் முள் துருத்தினால் கிரேக்க ஆமை. இரண்டுக்கும் விற்கச் சான்றிதழ் உண்டு. முன்காலில் நான்கே நகம் என்றால், வாலில் கொம்பு இருந்தாலும் அது ஹார்ஸ்ஃபீல்டு வகை. அதற்குச் சான்றிதழே கிடையாது, தேடுவதை நிறுத்திவிடலாம்.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால், தொலைந்த தாளுக்கு மாற்று கொடுக்க அதை வழங்கிய அதிகாரியால் மட்டுமே முடியும். பிரிட்டனில் அது விலங்கு, தாவர நல முகமை (ஏ.பி.எச்.ஏ.). விற்ற கடைக்காரர் அச்செடுத்துத் தரும் நகல் செல்லாது. ஆனால் அதிலிருக்கும் சான்றிதழ் எண் தங்கம். அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆமையின் உடலுக்குள் பொருத்திய அடையாள மைக்ரோசிப்பின் எண், 15 இலக்கம். வழக்கமாக இடது பின்காலில் இருக்கும். ஆமை காலை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால் சிப்பைப் படிக்கும் ரீடரை ஓட்டுக்கும் காலுக்கும் நடுவில் ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். பீப் வரவில்லை என்றால் சிப் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், எக்ஸ்ரேயில் தெரியும். சிப் செத்திருந்தால் புதிது போட்டு, பழைய எண், புது எண் இரண்டும் உள்ள மருத்துவர் கடிதம் வாங்குங்கள். எண்ணைக் கையால் எழுதாமல் ரீடர் திரையைப் படமெடுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் தாளும் ஆமையும் வேறு வேறு.

ஏ.பி.எச்.ஏ.வுக்கு எழுதும் கடிதத்தில் தாள் எப்போது, எப்படித் தொலைந்தது, சான்றிதழ் எண், சிப் எண், வாங்கிய தேதி, விற்றவர் விவரம் எழுதி, ரசீது நகலை இணையுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. அடிவயிற்று ஓடு 60 மில்லிமீட்டருக்குக் குறைவான குட்டிகள் சிப் இல்லாமலே விற்கப்படும். அந்தச் சான்றிதழ் அதில் பெயருள்ளவருக்கு மட்டும்தான் செல்லும். அப்படி வாங்கியவருக்கு மாற்றுத் தாளால் பயனில்லை. ஆமை வளர்ந்தபின் சிப் போட்டு, தன் பெயரில் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

1984இல் இறக்குமதி தடைபடுவதற்கு முன் வந்த கிழட்டு ஆமைகளுக்குத் தாள் இல்லாதது சகஜம். அதற்காக இன்னொரு ஆமையின் தாளை ஒட்டவைக்கும் ஆட்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அது சிறை வரை கொண்டுபோகும் குற்றம். நம்மூர் நட்சத்திர ஆமைக்குத் தாள் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

மாற்றுத் தாளில் அது பழையதை ரத்து செய்கிறது என்று எழுதியிருக்கும். பிறகு அலமாரியில் பழையது கிடைத்தாலும் அதைக் காட்டி விற்காதீர்கள்.