கோட்டுக்கு நேராக நிற்கும் கண்

கேள்வி – பதில்: கால்பந்து நடுவர் தீர்ப்புகள்

பள்ளிக் கால்பந்து குறித்து இப்பகுதியில் எழுதியதற்குப் பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நடுவர்களைப் பற்றியே பேசுகின்றன. பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகவும், விடுமுறை நாட்களில் கொடியும் விசிலும் பிடித்தவனாகவும் இருந்த எனக்கு இக்கடிதங்கள் ஒவ்வொன்றும் நெருக்கமானவை. ஆகவே இம்முறை வேறு விஷயங்களுக்குப் போகாமல் இதற்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் நாங்கள் அடித்த கோலை லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடி காட்டி மறுத்துவிட்டார். என் நண்பன் கைப்பேசியில் எடுத்த வீடியோவில் எங்கள் ஆட்டக்காரர் ஆஃப்சைடில் இல்லை என்பது தெரிகிறது. இந்த வீடியோவைப் போட்டிக் குழுவிடம் காட்டி முடிவை மாற்றச் சொல்லலாமா?
*– பாலக்கோடு வாசகர்*

மாற்ற முடியாது. கோல் விழுந்ததா இல்லையா, ஆஃப்சைடா இல்லையா என்பன போன்ற, ஆட்டத்தில் நடந்த நிகழ்வுகள் பற்றிய நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்று கால்பந்து விதிகளின் 5-வது விதி சொல்கிறது. தவறு என்று நடுவருக்கே தோன்றினாலும், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன்பு மட்டுமே அவர் அதைத் திருத்திக்கொள்ளலாம். நடந்ததைப் பார்ப்பதில் ஏற்படும் பிழை வேறு, விதியையே தவறாகப் பயன்படுத்துவது வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2005-ல் உஸ்பெகிஸ்தானுக்கும் பஹ்ரைனுக்கும் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், உஸ்பெகிஸ்தான் பெனால்டியை கோலாக்கியபோது அந்த அணியின் ஆட்டக்காரர் ஒருவர் முன்கூட்டியே பெனால்டி பகுதிக்குள் ஓடிவிட்டார். பெனால்டியைத் திரும்ப அடிக்கச் சொல்ல வேண்டிய நடுவர், பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். அது கண்ணின் பிழை அன்று, விதியின் பிழை என்பதால் ஃபிஃபா அந்த ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி நடத்தியது. உங்கள் கோல் இந்த வகையில் சேராது.

உங்கள் வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. சக ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் கணத்தில், எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆட்டக்காரரையும் பந்தையும் முந்தி கோல் பக்கமாக நிற்பதுதான் ஆஃப்சைடு இடம். அதைச் சரியாகக் காண ஒரே ஓர் இடம்தான் உண்டு: கோல் கோட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் எதிரணி ஆட்டக்காரருக்கு நேர் பக்கவாட்டில், பக்கக் கோட்டின் மேல். லைன்ஸ்மேன் அந்த இடத்திலிருந்து நடுக்கோட்டுப் பக்கமாக இரண்டு மீட்டர் பின்தங்கி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அந்த எதிரணித் தடுப்பாட்டக்காரருக்கும் இடையில், அதாவது அவருக்கு அருகில் ஓடும் தாக்கும் அணி ஆட்டக்காரர், முறையான இடத்தில் இருந்தாலும் முந்தி நிற்பதுபோலத் தெரிவார். தடுப்பாட்டக்காரருக்கும் அப்பால், மறுபக்கத்தில் ஓடுபவரோ ஒரு மீட்டர் முந்தி இருந்தாலும் சரியாக இருப்பதுபோலத் தெரிவார். லைன்ஸ்மேன் கோல் பக்கமாக முன்னே போய்விட்டால் இவை இரண்டும் அப்படியே தலைகீழாகும். கைப்பேசிக்கும் இதே கதிதான். நொடிக்கு 30 படம் எடுக்கும் கைப்பேசியில், நொடிக்கு 8 மீட்டர் ஓடும் ஓர் ஆட்டக்காரர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சுமார் 27 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் ஏறி ஓடினால் வித்தியாசம் அரை மீட்டருக்கு மேல் போய்விடும். பந்து காலை விட்டுப் புறப்பட்ட அந்தக் கணம் எந்தப் படத்தில் இருக்கிறது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

உங்கள் வருத்தத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே கொடி பிடித்த ஓர் ஆட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. மாலை ஐந்து மணி வெயில் எதிரே கண்ணில் அடித்தது, காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மதியத்துக்குள் காலடியில் அழிந்துபோயிருந்தது, பார்வையாளர்களின் இரு சக்கர வாகனங்களோ கோட்டின் மேலேயே வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடியதில் நான் மூன்று தப்படி பின்தங்கினேன். பின்தங்கிய இடத்திலிருந்து கொடியைத் தூக்கினேன். அது தவறான முடிவு என்பது என் மனதுக்கு அன்றே தெரிந்தது. அடுத்த ஆண்டு அந்தப் போட்டி தொடங்குவதற்கு முன்பு பக்கக் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சவுக்குக் கம்புகளை நட்டுக் கயிறு கட்டச் சொன்னேன். லைன்ஸ்மேன் தடையில்லாமல் ஓட அந்த இரண்டு மீட்டர் போதும். உங்கள் போட்டிக் குழுவிடம் வீடியோவைக் கொண்டுபோவதைவிட இந்தக் கயிற்றைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டு ஆட்டங்களில் வீடியோ பார்த்து முடிவைத் திருத்துகிறார்கள். இந்தியாவில் ஏன் அது இல்லை? அது வந்துவிட்டால் தவறான முடிவுகள் ஒழிந்துவிடுமா?
*– ஓசூர் தொழிற்சாலை ஊழியர்*

தவறுகள் குறையும், ஒழியாது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தது. உலகமே பார்த்தது, நடுவர் குழு பார்க்கவில்லை. அதன் பிறகே, 2012-ல், கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்து, 2014 உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால் ஒரே நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி வந்துவிடும். இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. எந்திரத்துக்கு உகந்த வேலை இது என்பேன்.

வார் எனப்படும் வீடியோ உதவி நடுவர் முறை 2018-ல் விதிப் புத்தகத்தில் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் இடம்பெற்றது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டப்படுதல் ஆகிய நான்குக்காக அது அமைக்கப்பட்டது. அவற்றிலும் நடுவரின் முடிவு தெளிவாகத் தவறாக இருந்தால், அல்லது பெரிய நிகழ்வொன்று அவர் கண்ணில் படாமலே போயிருந்தால் மட்டுமே தலையிடலாம். ஒரு தள்ளலை ஃபவுல் என்பதா, சாதாரண மோதல் என்பதா என்று முடிவு செய்பவர் திரைக்கு முன்னாலும் மனிதர்தான். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை எண்ணிப் பாருங்கள். களத்தில் ஆஃப்சைடு என்று கொடி உயர்ந்திருந்தது. திரையில் பார்த்தவர்கள் அவர் சரியான இடத்தில் இருந்ததைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் களத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு, ‘பார்த்தாயிற்று, சரி’ என்ற பொருளில் சொல்லிவிட்டார்கள். களத்தில் இருந்தவரோ ஆஃப்சைடு முடிவுதான் சரி என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் பிழை தெரிந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டதால் விதிப்படி திருத்த வழியில்லாமல் போயிற்று. கருவி பிழை செய்யவில்லை, பேச்சு பிழை செய்தது.

இந்தியன் சூப்பர் லீக்கில் 2024–25 பருவம் வரை இம்முறை வரவில்லை. பல கோணங்களில் கேமராக்கள், அவற்றை ஒருங்கிணைக்கும் அறை, அதற்கெனப் பயிற்சி பெற்ற நடுவர்கள் என்று செலவு பெரிது. இதை உணர்ந்தே ஃபிஃபா, குறைந்த கேமராக்களோடு, பயிற்சியாளர் ஓர் ஆட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மறுபரிசீலனை கேட்கும் எளிய முறை ஒன்றை 2024 முதல் சோதித்து வருகிறது. நம் நாட்டுக்கு ஏற்றது அதுவே என்பது என் கருத்து.

2023-ல் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோல் நியாயமானதா? நான் அன்று நேரில் பார்த்தேன். இன்றும் நண்பர்களோடு சண்டை ஓயவில்லை.
*– தேன்கனிக்கோட்டை வாசகர்*

நேரில் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச் 3 அன்று பெங்களூரு அணிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் நடந்த இந்தியன் சூப்பர் லீக் பிளே-ஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரள கோல்கீப்பர் தடுப்புச் சுவரை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோதே சேத்ரி பந்தை வலைக்குள் அடித்துவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். கேரள அணி களத்தை விட்டு வெளியேறியது. ஆட்டம் பெங்களூருவுக்குக் கொடுக்கப்பட்டு, கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், அதன் பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன.

ஃப்ரீ கிக் அடிக்க ஒவ்வொரு முறையும் விசில் தேவையில்லை. தவறிழைத்த அணி தயாராகும் வரை காத்திருக்க வேண்டிய கடமையும் ஃபவுல் வாங்கிய அணிக்குக் கிடையாது. ஆனால் சுவரை 9.15 மீட்டருக்குத் தள்ளி நிறுத்துவதிலோ அட்டை காட்டுவதிலோ நடுவர் இறங்கி, விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லிவிட்டால், அதன் பின் விசில் இல்லாமல் அடிக்கக் கூடாது. ஆகவே, ‘காத்திரு’ என்று நடுவர் சொன்னாரா இல்லையா என்பது ஒன்றே உங்கள் சண்டையைத் தீர்க்கும் கேள்வி. நான் விசில் பிடிக்கும்போது, காத்திருக்க வேண்டுமென்றால் விசிலை உயர்த்திக் காட்டி, இரு அணித் தலைவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிடுவேன். நொடிகூட ஆகாத இந்தச் செயல் எத்தனையோ தகராறுகளைத் தொடங்கும் முன்பே நிறுத்தியிருக்கிறது. களத்தை விட்டு வெளியேறியதை மட்டும் நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன்.

பந்து நடுவர் மேல் பட்டு கோலாகிவிட்டால்?
*– ஊத்தங்கரை மாணவர்*

2019 முதல் அது கோல் ஆகாது. ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே விட்டுத் தொடங்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் மண்டல அளவிலான ஆட்டங்களை நடத்துகிறோம். கருவிகள் எதுவும் இல்லாத நிலையில் தீர்ப்புகளை மேம்படுத்த என்ன செய்யலாம்?
*– பென்னாகரம் உடற்கல்வி ஆசிரியர்*

உங்கள் கடிதத்தைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். முதலில், கொடி பிடிக்கத் தோற்ற அணியிலிருந்து இரண்டு பையன்களைக் கூப்பிட்டு நிறுத்தும் வழக்கத்தை விடுங்கள். நம் மாவட்டத்து ஆட்டங்களில் நான் கண்ட தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. அன்றைக்கென்று இருவரைத் தனியாக ஒதுக்கி, முந்தைய நாள் ஒரு மணி நேரமாவது வெறும் மைதானத்தில் பக்கவாட்டு ஓட்டம் பழக்குங்கள்: தடுப்பாட்டக்காரராக ஒருவர் முன்னும் பின்னும் நகர, கொடிக்காரர் தோள்கள் களத்தை நோக்கியபடியே அவருக்கு நேராக நகர வேண்டும். கொடியை உடனே தூக்காமல், பந்து யாரிடம் போகிறது, ஆஃப்சைடில் நிற்பவர் ஆட்டத்தில் தலையிடுகிறாரா என்று பார்த்துவிட்டுத் தூக்கவும் பழக்குங்கள். ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டுமே குற்றமன்று என்பது பலருக்கும் இன்னும் தெரியவில்லை.

நடுவர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக ஓட வேண்டும். லைன்ஸ்மேன் இருவரும் அந்தச் சாய்வுக்கு எதிர்ப்பக்கங்களில் நிற்க வேண்டும். அப்படி ஓடினால் பந்து எப்போதும் நடுவருக்கும் ஒரு லைன்ஸ்மேனுக்கும் இடையில் இருக்கும். ஒருவர் காணாத பக்கத்தை மற்றவர் காண்பார். நடுவட்டத்தை விட்டு நகராமல் விசில் ஊதும் நடுவர், பெனால்டி பகுதியில் நடப்பதை ஆட்டக்காரர்களின் முதுகு வழியாகத்தான் பார்க்கிறார்.

ஆட்டத்துக்கு முன் மூவரும் பத்து நிமிடம் பேசிக்கொள்ளுங்கள். கோல் விழுந்தது சரியென்றால் லைன்ஸ்மேன் நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும், ஐயமிருந்தால் கொடியோடு அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் அவரைப் பார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. திருத்திக்கொள்ள விதி தரும் ஒரே இடைவெளி அதுதான்.

பத்தாம் வகுப்பு முடித்த என் மகன் நடுவராக ஆசைப்பட்டு, சிறுவர் ஆட்டம் ஒன்றுக்கு விசில் ஊதப் போனான். பெரியவர்கள் சூழ்ந்துகொண்டு கத்தியதில் அழுதுகொண்டே வீடு திரும்பினான். இனிப் போக மாட்டேன் என்கிறான். என்ன சொல்வது?
*– அரூர் தாய் ஒருவர்*

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவனைச் சூழ்ந்தவர்கள் வெட்கப்பட வேண்டும். அவன் எந்த வகையிலும் வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் லைன்ஸ்மேனாக நின்றார். திண்டுக்கல்லின் ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். அவர்களும் ஏதோ ஓர் ஊர் மைதானத்தில் முதல் விசிலை ஊதியவர்கள்தான். இப்படி ஒவ்வொரு பையனையும் அழவைத்து அனுப்பிவிட்டு, பிறகு நல்ல நடுவர் கிடைக்கவில்லை என்று நாம் புலம்புகிறோம்.

அணித் தலைவர் மட்டுமே நடுவரிடம் வந்து பேசலாம் என்ற நெறியை 2024 ஐரோப்பியக் கோப்பையில் கடைப்பிடித்தார்கள். இப்போது அது எல்லா நிலைப் போட்டிகளுக்கும் திறந்திருக்கிறது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. உங்கள் ஊர்ப் போட்டியை நடத்துபவர்களிடம் இதை ஆட்டத்துக்கு முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள்.

மகனைச் சில மாதங்கள் விசில் பிடிக்க அனுப்ப வேண்டாம். அனுபவமுள்ள ஒரு நடுவரோடு கொடி பிடிக்க அனுப்புங்கள். ஆட்டம் முடிந்ததும் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து, எந்த முடிவில் எங்கே நின்றான் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று விசாரித்து வையுங்கள். அவனுக்கு இந்த இதழைக் காட்டுங்கள். விதி குறித்து எந்த ஐயம் இருந்தாலும் இப்பகுதிக்கு எழுதச் சொல்லுங்கள், நான் பதில் எழுதுகிறேன்.