நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாதது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். 17 வயது மகளுக்கு அனோரெக்சியா நெர்வோசா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைக்கும் மனநோய்) என்று கோவையில் கண்டுபிடித்துச் சிகிச்சை நடக்கிறது. இரண்டு மாதமாக என் கண் முன்னால்தான் சாப்பிடுகிறாள். முதலில் ஏறிய எடை இப்போது அப்படியே நிற்கிறது. ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது. சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். தைராய்டாக இருக்கும் என்கிறார் நாத்தனார். என்ன செய்வது?

பதில்: மகளைச் சந்தேகிக்கும் முன் அவள் உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அம்மா. நீங்கள் சொல்வது இந்த நோயிலிருந்து மீள்பவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான்.

பட்டினி கிடக்கும்போது உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொள்ளும். நாடித்துடிப்பு இறங்கும், கை கால் சில்லிடும், மாதவிடாய் நிற்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார்கள். சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் அனோரெக்சியா நோயாளிகள் அல்ல. ஆனாலும் பட்டினி உடம்பை என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

சாப்பாடு திரும்ப வந்ததும் கதை தலைகீழாகிறது. கரைந்த தசையையும் இதயத்தையும் மற்ற உறுப்புகளையும் உடம்பு மறுபடி கட்ட வேண்டும். அதற்கே நிறையச் சக்தி போகிறது, இன்னொரு பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. தலைக்கு மேல் கண்ணாடிபோன்ற மூடி வைத்து, மூச்சில் போகும் ஆக்சிஜனையும் வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து இதைக் கண்டிருக்கிறார்கள். ராத்திரி வியர்வைக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் காய்ச்சலோ இருமலோ சேர்ந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதலில் ஏறிய எடையில் ஒரு பகுதி வெறும் நீர், அதனால் அதற்குப் பிறகு தராசு நின்றதுபோலத் தெரியும்.

எனவே போன மாதம் போதுமாக இருந்த சாப்பாடு இந்த மாதம் போதாது. எடை ஏற நாளுக்கு 3000 கலோரிக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் பலர். அளவைக் கூட்டுவதை டயட்டீஷியன்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கணக்கை மகள் காதுபடப் பேசாதீர்கள்.

இரைப்பை மெதுவாகக் காலியாவதால் கொஞ்சம் சாப்பிட்டதுமே அவளுக்கு வயிறு உப்பிவிடும். அது நடிப்பில்லை. ஆகவே மட்டை அரிசிச் சோற்றைக் குவிக்காமல், அளவு சிறிதாகவும் சத்து அதிகமாகவும் கொடுங்கள்: நெய்யில் வாட்டிய நேந்திரம்பழம், தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம், கடலை மிட்டாய், முட்டை. மூன்று வேளையோடு நடுவில் மூன்று சிற்றுண்டி. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கூடவே இருந்து பேசிக்கொண்டிருங்கள்.

அப்புறம் தைராய்டு. பட்டினியில் டி3 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு குறைவது உடம்பின் தற்காப்பு, எடை ஏறும்போது தானாகச் சரியாகும். டாக்டர் சொல்லாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால் இருக்கிற தசையும் எலும்பும் தேயும், இதயம் தடுமாறும். தயவுசெய்து வேண்டாம்.

வாந்தி எடுக்கிறாளா, அறைக்குள் ரகசியமாக உடற்பயிற்சி செய்கிறாளா என்பதையும் டாக்டரே விசாரிக்கட்டும். வாந்தி இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து அது காட்டிக்கொடுக்கலாம். நீங்கள் துப்பறிந்தால் சாப்பாட்டு மேசை போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும்.

2019இல் அனோரெக்சியா உள்ள 16,992 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, மனநோய்களோடு மட்டுமின்றி இன்சுலின், கொழுப்பு போன்ற வளர்சிதை மாற்றக் கூறுகளோடும் இந்நோய்க்குத் தொடர்பு தெரிந்தது. ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அதை வைத்து உங்கள் மகளுக்கு இப்போது ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் ‘பிடிவாதம்’ என்று சொல்லும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நடுவில் சில நாள் சாப்பாடு நின்றுபோனால், மறுபடி தொடங்குமுன் டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கால் வீக்கம், மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம், குழப்பமான பேச்சு ஏதாவது தெரிந்தால் வேலந்தாவளம் தாண்டி கோவைக்குத்தான் போவேன் என்று காத்திருக்காதீர்கள், பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். மனம் கனத்துப் பேச ஆள் வேண்டுமென்றால் உங்களுக்கும் அவளுக்கும் 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண் இருக்கிறது.