கீமோவுக்கு முன் ஒரு குப்பி

கேள்வி: வயது 28. திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் வேலை. வலது விரை கல்லாக இறுகியிருந்தது. வலி இல்லாததால் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சென்ற மாதம் அதை அகற்றிவிட்டார்கள். வயிற்று நிணநீர்க் கணுக்களிலும் புற்று பரவியிருக்கிறது. அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்குகிறது, மூன்று சுற்று. எனக்குப் பெண் நிச்சயமாகியிருக்கிறது. குழந்தை பிறக்குமா?

பதில்: கீமோ தொடங்கும் முன் விந்தணுவை உறையவைத்துச் சேமித்துவிடுங்கள். மருந்து ஏறத் தொடங்கிய பின் எடுப்பது நல்லதல்ல. உயிரைக் காக்கும் அவசரத்தில் மருத்துவர்களான நாங்களே இதைச் சொல்ல மறப்பதுண்டு. நோயாளியும் கூச்சத்தில் கேட்பதில்லை.

கருத்தரிப்பு மையத்தில் ஒரு சிறு அறை, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பி, அவ்வளவுதான். "வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது எப்படி டாக்டர்?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி; நண்பரோடு போங்கள். இந்த நோயே விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். குறைவாக இருந்தாலும் சேமியுங்கள். ஒரு கருமுட்டைக்குள் செலுத்த ஒரே ஓர் உயிரணு போதும்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் இதே புற்று நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்களை இழந்தவர்தான். அது வேறு கதை. கீமோவுக்கு முன் சேமித்த விந்தணுவால் அவருக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. பின்னர், 2009இல், இயற்கையாகவே ஒரு மகன் பிறந்தான். எல்லோருக்கும் அப்படித் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது; பலருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் விந்தணு உற்பத்தி மீள்கிறது. எஞ்சியிருக்கும் ஒரு விரை நலமாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் ஹார்மோனுக்கும் அதுவே பெரும்பாலும் போதும்.

திருமணம் தாராளமாகச் செய்யலாம். கீமோ முடிந்து ஓராண்டாவது கருத்தடை அவசியம். பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மனிதர் வழியாக அவருக்குத் தெரியக்கூடாது.

பயம் வேண்டாம் என்று வெறும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. 1974இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் கலந்த கூட்டு மருந்தைக் கொடுக்கத் தொடங்கும் வரை, பரவிய விரைப்புற்று பெரும்பாலோரைக் கொன்றது. இன்று உங்கள் நிலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். காதில் இரைச்சல், வறட்டு இருமல் வந்தால் உடனே சொல்லுங்கள். சிகரெட் கூடவே கூடாது. கூட்டு மருந்தில் பிளியோமைசின் இருந்தால், அது நுரையீரலைத் தாக்கக்கூடியது. பத்து ஆண்டு கழித்துக் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை என்றாலும், மயக்க மருத்துவரிடம் அந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை நகலெடுத்து, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.