அஜந்தாவுக்கு ஞாயிறு, எல்லோராவுக்குத் திங்கள்

கேள்வி: ஔரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) எங்களுக்கு ஞாயிறு, திங்கள் இரண்டு நாள்தான் இருக்கிறது. முதல் நாள் எல்லோரா, மறுநாள் அஜந்தா என்று வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அப்படியே திருப்பிப் போடுங்கள். அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய்.

அஜந்தா சுமார் 100 கி.மீ. தூரம். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஃபர்தாபூர் பக்கத்தில் காரை நிறுத்தி, கடைசி 4 கி.மீ. அங்குள்ள பஸ்ஸில்தான் போகவேண்டும். இறங்கியதும் படியேற்றம் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறட்டும்.

எல்லோரா 30 கி.மீ.தான். குகைகள் மேற்குப் பார்த்தவை. பிற்பகலில்தான் வெயில் உள்ளே விழும். 16-ஆம் குகையான கைலாசநாதர் கோயிலைக் கீழே சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். வாசலுக்கு வலப்புறம் மேலேறும் பாதையில் போய் விளிம்பிலிருந்து பாருங்கள். மண்டபக் கூரையில் விரிந்த தாமரையும் நான்கு சிங்கங்களும் தெரியும். மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தார்கள் என்பது அங்கே நின்றால்தான் புரியும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், கவனம்.

கேள்வி: போன முறை அஜந்தா ஓவியங்கள் இருட்டில் சரியாகத் தெரியவில்லை. ஃபோன் டார்ச் அடிக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஃப்ளாஷுக்கும் அங்கே தடை. பாறைமேல் உமி, சாணம் கலந்த மண்பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு, அது காய்ந்தபின் பசை சேர்த்த வண்ணம் என்று வரைந்தவை இவை. நிறம் சுவருக்குள் இறங்காமல் மேலேதான் ஒட்டியிருக்கிறது. கடும் வெளிச்சத்தில் அது வெளிறும். ஈரம் ஏறினாலும் கை பட்டாலும் உதிரும். 1920களில் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள், உதிராமலிருக்க அரக்கு வார்னிஷ் பூசினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்துவிட்டது. ஓவியங்கள் மங்கித் தெரிய அதுவும் ஒரு காரணம்.

வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் யாருக்கும் கண் பழகாது. 1-ஆம் குகையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஃபோனைப் பையில் போட்டு, தூணோரமாக ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு கருவறைக்கு இடப்புறம் பாருங்கள், பத்மபாணி என்ற போதிசத்துவரின் ஓவியம். முதலில் தாழ்ந்த இமை தெரியும்; அப்புறம் விரல்கள் பிடித்திருக்கும் தாமரை; கடைசியில் கழுத்து முத்துக்கள்.