‘தி பிரின்சஸ் பிரைட்’ படத்தில் யார் யார் வேலை செய்தார்கள்? அது ஏன் இன்றும் பேசப்படுகிறது?

1987-ல் வந்த ‘தி பிரின்சஸ் பிரைட்’ படத்தின் நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பற்றியும், வாளும் இளவரசனும் ராட்சதனும் வரும் ஒரு நகைச்சுவைப் படம் இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உயிரான படம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

‘காமெடிப் படம்தானே, இது போதும்’ என்று அதில் ஒருவர்கூட வேலை பார்க்கவில்லை. அது நிலைத்ததற்கு நான் நம்பும் காரணம் இதுதான்.

கதை வில்லியம் கோல்ட்மனுடையது. தன் மகள்களுக்காகத் தொடங்கி, 1973-ல் நாவலாக வெளியிட்டார். ஹாலிவுட்டில் அப்போது அவர் பெரிய கை. ‘புட்ச் காசிடி’ திரைக்கதைக்கு ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியிருந்தார். அப்படியிருந்தும் இந்தக் கதை பத்து வருடத்துக்கு மேல் படமாகவில்லை. உரிமையை வாங்கிய ஸ்டுடியோவில் கதை முடங்கிப்போக, கோல்ட்மன் தன் கைக்காசைப் போட்டு அதைத் திரும்ப வாங்கினார். ஒரு எழுத்தாளர் தன் கதையைத் தானே விலை கொடுத்து மீட்பதென்றால் அதன்மேல் எவ்வளவு பிடிப்பு இருந்திருக்க வேண்டும்!

கடைசியில் எடுத்தவர் ராப் ரெய்னர். நாவலை அவருக்குக் கொடுத்தது அவருடைய அப்பா, நகைச்சுவைக் கலைஞர் கார்ல் ரெய்னர். பணம் போட முன்வந்தவர் நார்மன் லியர். எழுபதுகளில் ராப் ரெய்னர் நடித்துப் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரைத் தயாரித்தவர். படப்பிடிப்பின் தொடக்கத்தில் ஒலிப்பதிவில் ஏதோ முணுமுணுப்பு கேட்டதாம். தேடிப்பார்த்தால், கோல்ட்மன் ஒரு மூலையில் நின்று பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறார். தரையிலிருந்து தீ வெடிக்கும் ‘நெருப்புச் சதுப்பு’ காட்டுக் காட்சியில் கதாநாயகியின் உடையில் தீப்பற்றுவது திட்டமிட்ட ஷாட். கோல்ட்மன் எழுதிய காட்சிதான். ஆனால் தீயைப் பார்த்ததும் பதறிப்போய் ‘உடை எரியுது’ என்று அவரே கத்திவிட்டார், டேக் வீணானது.

இனி வாள் சண்டை. இந்தப் படத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பேசுவது இதைத்தான்.

குறும்படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவன் நான். சண்டைக் காட்சிக்கு ஒத்திகை நேரம் கேட்டால், ‘ஸ்பாட்ல பாத்துக்கலாம்’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். இங்கே கேரி எல்விஸ் (கதாநாயகன் வெஸ்ட்லி), மேண்டி படின்கின் (வாள் வீரன் இனிகோ) இரண்டு பேருக்கும் படப்பிடிப்புக்கு முன்பே பயிற்சி தொடங்கிவிட்டது. படப்பிடிப்பு நடக்கும்போதும் ஷாட்டுக்கு ஷாட் கிடைத்த இடைவெளியில் வாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கதையில் சண்டை முதலில் இடது கையில், பிறகு வலது கையில் நடப்பதால் இரண்டு கைகளுக்கும் பயிற்சி. காட்சியைக் கடைசிப் பகுதியில்தான் எடுத்தார்கள். அதற்கு முன் ஒத்திகை பார்த்த ரெய்னர் ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டதும், பழைய வாள் சண்டைப் படங்களையெல்லாம் மறுபடி அலசி, புதிய அடிகள் சேர்த்து நீட்டினார்கள். இப்போது படத்தில் இருப்பது ஏறக்குறைய மூன்று நிமிடம். குட்டிக்கரணம் போன்ற ஒன்றிரண்டு வித்தைகளைத் தவிர மற்றதெல்லாம் அந்த இருவரே செய்தது.

சொல்லிக்கொடுத்தவர்கள் பாப் ஆண்டர்சனும் பீட்டர் டயமண்டும். ஆண்டர்சன் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பிரிட்டன் சார்பில் வாள் வீசியவர். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் இரண்டாம், மூன்றாம் படங்களின் சண்டைகளில் வில்லன் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் இருந்தவரும் இவர்தான். டயமண்ட் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் சண்டை அமைப்பாளர். அன்றைக்கு அந்தத் தொழிலில் இவர்களுக்கு மேல் ஆள் கிடையாது. ஒரு நகைச்சுவைப் படத்துக்காக இவர்களைக் கூட்டிவந்தார்கள்.

அந்தச் சண்டைக்கு நடுவே இருவரும் பொனெட்டி, காப்போ ஃபெர்ரோ, திபோ, அக்ரிப்பா என்று பெயர்களை வீசிக்கொள்வார்கள். காதுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் நால்வரும் 16, 17-ம் நூற்றாண்டுகளில் நிஜமாகவே வாழ்ந்த வாள் ஆசான்கள். காப்போ ஃபெர்ரோவின் நூல் 1610-ல் வந்தது.

படின்கினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவைக் கொன்ற ஆறு விரல்காரனை வாழ்நாளெல்லாம் தேடும் மகனாக வருகிறார். படின்கினின் சொந்த அப்பா 1972-ல் புற்றுநோயில் இறந்துபோனவர். அந்த ஆறு விரல்காரனைக் கொன்றால், அப்பாவைக் கொன்ற புற்றுநோயையே கொன்றதாக ஆகும் என்ற எண்ணத்தோடுதான் நடித்தேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடைசி மோதலில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே முன்னேறுவாரே, அங்கே அவர் குரலைக் கவனியுங்கள். முதல் தடவை தொண்டையிலிருந்து வருகிறது, கடைசியில் அடிவயிற்றிலிருந்து வருகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும்.

ராட்சதன் ஃபெஸிக்காக வந்தவர் ஆந்த்ரே தி ஜெயன்ட், பிரான்ஸில் பிறந்த மல்யுத்த வீரர். ஆங்கில உச்சரிப்பு சிரமமாக இருந்ததால், அவர் வசனம் முழுவதையும் ரெய்னர் பேசி டேப்பில் பதிவு செய்து கொடுத்தார், ஆந்த்ரே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். முதுகு அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த நேரம் அது. திரையில் ஊரையே தூக்குபவர்போலத் தெரிந்தாலும் நிஜத்தில் பாரம் தாங்க முடியாத நிலை. இளவரசி ஜன்னலிலிருந்து அவர் கைகளில் குதிக்கும் காட்சியில் ராபின் ரைட்டைக் கம்பிகள்தான் தாங்கின. குளிரில் நடுங்கிய ரைட்டின் தலைமேல் தன் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றுவாராம், ஒரு கை முழுத் தலையையும் மூடிவிடுமாம். 1993-ல், 46 வயதில் இறந்துபோனார்.

அற்புத வைத்தியர் மேக்ஸாக வரும் பில்லி கிரிஸ்டல் செய்தது வேறு ரகம். கிழவர் மேக்கப்பில் வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட, சிரிப்பை அடக்க முடியாமல் ரெய்னரே செட்டைவிட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. சிரிக்காமல் இருக்கப் போராடியதில் படின்கினுக்கு விலா எலும்பில் அடி. கிரிஸ்டலுக்கு ஈடுகொடுத்து மேக்ஸின் மனைவியாக வரும் கேரல் கேனை யாரும் போதிய அளவு பாராட்டுவதில்லை என்பது என் ஆதங்கம்.

வில்லன்களில் இளவரசன் ஹம்பர்டிங்க் கிறிஸ் சரண்டன், ஆறு விரல்காரன் கிறிஸ்டோபர் கெஸ்ட், தந்திரக்காரன் விஸினி வாலஸ் ஷான். தன்னை நீக்கிவிட்டு நடிகர் டேனி டிவிட்டோவைப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஷான் நடித்து முடித்தார். கெஸ்ட் வாளின் கைப்பிடியால் எல்விஸைத் தலையில் அடிக்கும் காட்சியில் அடி நிஜமாகவே விழுந்து எல்விஸ் மயங்கிவிட்டார். படத்தில் இருப்பது அந்த டேக்தான். தாத்தாவாகக் கதை படித்துச் சொல்பவர் பீட்டர் ஃபாக், கேட்கும் பேரன் ஃப்ரெட் சாவேஜ்.

கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒளிப்பதிவாளர் ஏட்ரியன் பிடில் ‘ஏலியன்ஸ்’ முடித்துவிட்டு வந்தவர். உடைகள் ஃபிலிஸ் டால்டன். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்கு உடை வடிவமைத்தவர், ‘டாக்டர் ஷிவாகோ’வுக்கு ஆஸ்கர் வாங்கியவர். கலை இயக்கம் நார்மன் கார்வுட். இசை, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் ராக் இசைக் குழுவின் மார்க் நாஃப்லர். இங்கிலாந்தின் ஹாடன் ஹால் மாளிகைதான் படத்தின் அரண்மனை, அந்தப் பயங்கரமான செங்குத்துப் பாறை அயர்லாந்தின் மோஹர் பாறைகள், சதுப்புக் காடு ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் போட்ட செட்.

செலவு சுமார் 16 மில்லியன் டாலர், அமெரிக்காவில் வசூல் சுமார் 30 மில்லியன். காதலா, சண்டையா, காமெடியா, குழந்தைகள் படமா என்று ஸ்டுடியோவுக்கு விளம்பரம் செய்யத் தெரியவில்லை. வீடியோ கேசட்தான் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. 2016-ல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

அடுத்த முறை பார்க்கும்போது சின்ன வேடங்களையும் விட்டுவிடாதீர்கள். கல்யாணம் செய்துவைக்கும் மழலைப் பேச்சுப் பாதிரியார் பீட்டர் குக், சித்திரவதைக் கூடத்து வெளிறிய ஆள் மெல் ஸ்மித், இரண்டு பேருமே பிரிட்டனின் பெரிய நகைச்சுவைக் கலைஞர்கள். கனவில் வந்து இளவரசியைக் கூச்சல்போட்டு அவமானப்படுத்தும் கிழவி மார்ஜெரி மேசன். ஒரு நிமிடம்கூட வரமாட்டார், ஆனால் அந்த ஆவேசத்தைப் பாருங்கள்.