கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: ரூமில் தெரியும் ரிசப்ஷன் பிரிண்டர்

கேள்வி: கன்னியாகுமரியில் 18 ரூம் லாட்ஜ் நடத்துகிறேன். பில் போடும் கம்ப்யூட்டர், 16 கேமரா, தங்குபவர்களுக்கான வைஃபை எல்லாம் ஒரே ரவுட்டரில்தான் ஓடுகிறது. போன வாரம் ரூமிலிருந்து இறங்கி வந்த ஒரு பையன், "அண்ணாச்சி, உங்க ரிசப்ஷன் பிரிண்டர் என் லேப்டாப்புல தெரியுது" என்று சிரித்தான். விசாரித்தால், வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்க 70,000 ரூபாய்க்கு ஃபயர்வால் பெட்டி மாட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவன் பார்த்தது பிரிண்டரை மட்டும்தான். கொஞ்சம் துழாவியிருந்தால் கேமரா படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் அனுப்ப ஸ்கேன் எடுத்து வைப்பீர்களே, அந்த பாஸ்போர்ட் நகல்களும், ஷேர் போட்ட ஃபோல்டரில் கிடந்தால், கைக்கு வந்திருக்கும். பெட்டி அப்புறம் இருக்கட்டும். ரூம் எடுத்தவருக்குக் கல்லாவும் திறந்து கிடக்கும்போது வாசலில் புதுக் காவல்காரர் எதற்கு?

முதலில் மூன்றாகப் பிரியுங்கள்: ஆபீஸ், கேமரா, விருந்தினர். இதற்கு விலான் என்று பெயர். ஒரே வயரில் போனாலும் யாருடைய தகவல் எது என்று எண் ஒட்டிப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு. வயர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில், இப்படிப் பிரித்து அமைக்க முடிகிற வகைக்கு மேனேஜ்டு ஸ்விட்ச் என்று பெயர்; சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது, ரவுட்டரும் வைஃபை பெட்டியும் விலான் தெரிந்தவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: ஸ்விட்சில் பிரித்ததை நிறைய ரவுட்டர்கள் தாமாகவே மறுபடி சேர்த்துவைத்துவிடும். 'விருந்தினருக்கு இன்டர்நெட் மட்டும், உள்ளே எதுவும் கூடாது' என்று ரவுட்டரில் தனியாக விதி எழுத வேண்டும்.

வேலை முடிந்தது என்று ஆள் சொன்னதும் காசை எடுத்து நீட்டாதீர்கள். உங்கள் போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து, பிரவுசரில் டிவிஆரின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) அடியுங்கள். லாகின் பக்கம் வந்தால் பிரியவில்லை என்று அர்த்தம்.

கேமராவை லேசாக நினைக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கியது. உங்கள் டிவிஆரில் இன்னும் அட்மின், 12345 என்றுதான் இருக்கிறதா? இன்றைக்கே மாற்றுங்கள்.

அப்புறம், வராந்தாவில் யாரும் பயன்படுத்தாத நெட் பாயிண்ட் இருந்தால் ஸ்விட்சில் அணைத்துவிடுங்கள். கடற்காற்றில் பின்கள் பச்சை பிடித்து அதுவே செத்துப்போகும்தான், அதை நம்பி இருக்க முடியாதே.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம். கடைக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை வீட்டிலிருந்து பார்க்க, ரவுட்டரில் 3389 போர்ட்டை (விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல்) திறந்து கொடுத்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

பதில்: இதைப் படித்து முடித்ததும் மூடுங்கள். திறந்த 3389 எங்கே இருக்கிறது என்று உலகம் முழுக்க நிரல்கள் ராப்பகலாகத் தேடிக்கொண்டிருக்கின்றன, கிடைத்ததும் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும், உள்ளே நுழைந்துவிட்டால் கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். விபிஎன், அதாவது இன்டர்நெட்டுக்குள்ளேயே உங்களுக்கு மட்டும் போடும் பூட்டிய பாதை, அதன் வழியாக மட்டும் கடைக்குள் போங்கள். கணக்கை பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை, எடுத்து முடித்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்; கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடுவார்கள்.