உங்கள் மூதாதையரை எத்தனை தலைமுறை வரை தேடிப் பிடித்தீர்கள்? எப்படி?

என்னோடு சேர்த்து ஐந்து, அதுவும் அப்பம்மாவின் வழியில். ஊர் இலங்கையின் வன்னியிலுள்ள முள்ளியவளை.

அப்பாவின் அந்தியேட்டியில் (இறந்தவருக்குச் செய்யும் கிரியை) ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பப்பாவுக்கு அங்கால அண்ணாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் பாயில் இருந்த மாமிதான், அப்பாவின் சகோதரி, எடுத்துக்கொடுத்தா. அன்றைக்குப் பிடித்தது இந்த விசர்.

வீட்டில் கடதாசி எதுவும் இல்லை. 2009இல் டிரங்குப் பெட்டியோடு எல்லாம் போய்விட்டது. பிரதேச செயலகத்தில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். ஆண்டு கேட்பார்கள், தெரியாவிட்டால் கிழடுகளிடம் '64 புயலுக்கு முதலோ பிறகோ?' என்று தொடங்குங்கள். கூப்பிடு பெயரை நம்ப வேண்டாம், பதிவில் வேறு பெயர் இருக்கும்.

பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத அந்தப் பிறப்புச் சான்றிதழில் ஒரு கூடு உண்டு. தகப்பன் எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்று 1948 பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டுத்தான் மலையகச் சனத்தை நாடற்றவர் ஆக்கியது. எனக்கு அந்தக் கூட்டில் பூட்டன், அப்பப்பாவின் தகப்பன், கிடைத்தார். பிறந்த இடம்: சாவகச்சேரி. வன்னி இல்லை, யாழ்ப்பாணப் பக்கம்.

வீட்டில் பெரிய குழப்பம். 1803இல் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரரிடம் தோற்ற வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனின் வழி நாங்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். (எங்கள் பக்கம் அப்படிச் சொல்லாத குடும்பம் குறைவு.) மாமி அசையவில்லை. "அது உன்ர அப்பப்பான்ர ஆக்கள். வன்னியார் எண்டது என்ர அம்மான்ர பக்கம்."

அப்பம்மா பக்கத்துக்கு அந்தச் சான்றிதழில் கூடே இல்லை. அதற்குக் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அப்பம்மாவின் சீதன உறுதியின் (சீதனக் காணிப் பத்திரம்) பிரதி கிடைத்தது. பூட்டி, அப்பம்மாவின் தாய், தன் மகளுக்கு எழுதிக் கொடுத்தது. அந்தக் காணி தனக்குத் தன் தாயாரிடமிருந்து சீதனமாக வந்தது என்று தாயின் முழுப்பெயரோடு, உறுதி முடித்த நொத்தாரிசு எழுதியிருந்தார். காணியின் நாலு எல்லையில் இரண்டில் இருந்த பெயர்கள், மாமியிடம் வாசித்துக் காட்டினால், பூட்டியின் கூடப்பிறந்தவர்கள். அந்த ஒரு பக்கத்தில் கிடைத்த பெண்களின் பெயர் வேறு எந்தக் கந்தோரிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் வன்னியன் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. வயல், கிணற்றுப் பங்கு, பனை வடலி, அவ்வளவுதான். மாமியிடம் சொன்னேன்.

"நொத்தாரிசுக்கு என்ன தெரியும்?" என்றா.